எமுலேட்டரில் படம் வெட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

போன கிழமை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் மருமகன் வைபரில் ஒரு வீடியோ அனுப்பினான். அவனுடைய லப்டொப்பில், பழைய கேம் பெட்டியைப்போலக் கொம்பியூட்டரை நடிக்க வைக்கும் எமுலேட்டர் மென்பொருளில், பழைய மரியோ ஓடுகிறது. பின்னணி நகரும்போது பச்சைக் குழாயின் மேல்பாதி ஓரிடத்தில் நிற்க, கீழ்ப்பாதி அரை விரல் தள்ளி நிற்கிறது. கீழே ஒரு வரி: "மாமா, படம் நடுவாலை வெட்டுப்படுது. எல்லாச் செட்டிங்கும் மாத்திப் பாத்திட்டன், சரிவரேல்லை."

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்ததுதான் பிரச்சினை. பத்து இடத்தில் கை வைத்த பிறகு, முதலில் இருந்த கோளாறு எது, தான் உண்டாக்கிய கோளாறு எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் அவனுடைய செட்டிங்குகள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினோம். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டரைப் பாவிப்பவர்களுக்கு இது லேசு. செட்டிங்குகள் பதிந்திருக்கும் கொன்ஃபிக் கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி திறந்தால், புதிதாக ஒரு கோப்பை அதுவே எழுதிக்கொள்ளும். பழையது பத்திரமாகக் கிடக்கும்.

எதையும் தொடுமுன் ஒரு ஸ்கிரீன்ஷொட்

படம் வெட்டும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த வெட்டு அந்தப் படத்தில் இல்லையென்றால், எமுலேட்டர் படத்தை ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறது; அதைத் திரைக்குக் கொடுக்கும் இடத்தில்தான் பிழை. ஸ்கிரீன்ஷொட்டிலும் வெட்டு இருக்கிறதென்றால் பிழை எமுலேட்டருக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். முதல் வகைக்கு மொனிட்டர், கிராஃபிக்ஸ் சில்லை இயக்கும் டிரைவர் பக்கம் போக வேண்டும். இரண்டாவது வகைக்கு அந்தப் பக்கமே போகத் தேவையில்லை.

போனில் எடுத்த வீடியோவை நம்ப வேண்டாம். போன் கமராவும் படத்தை வரி வரியாகத்தான் எடுக்கிறது. அதன் வேகமும் மொனிட்டரின் வேகமும் பொருந்தாவிட்டால், இல்லாத கறுப்புப் பட்டைகளும் மினுக்கமும் வீடியோவில் வந்து நிற்கும். மருமகன் அனுப்பிய வீடியோவில் நான் கண்ட மூன்று "கோளாறில்" இரண்டு அவனுடைய போனின் கைவேலை.

சோதித்துப் பார்க்க வசதியான ஒரு சாமான் இருக்கிறது: 240பி டெஸ்ட் ஸ்வீட். ஆர்ட்டெமியோ உர்பினா என்பவர் தொடக்கி வைத்த இலவச மென்பொருள். மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ, அதற்கு முந்திய நின்டெண்டோ பெட்டியான நெஸ் எனப் பல பெட்டிகளுக்கும் அதில் பதிப்பு உண்டு. நகரும் படம், கட்டக் கோடு, நிழல் எனத் தனித்தனிச் சோதனைகள் அதில் உள்ளன. ஒரு கேமை வைத்துச் சோதித்தால் சண்டையில் மனம் போய்விடும். இது வெறும் கோடு. கண் கோட்டிலேயே நிற்கும்.

அறிகுறி: படம் நகரும்போது கிடையாக ஒரு வெட்டு, ஸ்கிரீன்ஷொட்டில் இல்லை

இதுதான் அசல் டியரிங், அதாவது படம் கிழிவது. மொனிட்டர் ஒரு படத்தை ஒரே அடியில் காட்டுவதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக, செக்கனுக்கு 60 தடவை வரைகிறது. அது பாதி வரைந்து முடித்த நேரத்தில் எமுலேட்டர் அடுத்த படத்தைத் திணித்துவிட்டால், மேலே பழைய படம், கீழே புதுப் படம். பின்னணி பக்கவாட்டில் நகரும்போது இரண்டும் பொருந்தாது. குழாய் வெட்டுப்பட்டதுபோலத் தெரியும். அசையாத படத்தில் இது தெரியவே தெரியாது.

வெட்டு எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல மேலே ஏறுகிறதா? கேமின் வேகம் மொனிட்டரின் வேகத்தைவிட மயிரிழை கூட. நெஸ்ஸின் அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகள் செக்கனுக்கு 60.0988 படம் தருகின்றன. மொனிட்டர் சரியாக 60 என்றால், வெட்டு சுமார் 10 செக்கனில் திரை முழுதும் ஏறி முடித்துவிட்டு மறுபடி கீழிருந்து தொடங்கும். மெல்லக் கீழே இறங்குகிறதா? கேம் பிந்துகிறது. கேம்போய் 59.73 தான், அதே மொனிட்டரில் 4 செக்கனுக்குள் வெட்டு மேலிருந்து கீழே வந்துவிடும். இரண்டு தவில்காரர் ஒரே தாளத்தை வாசிக்க, ஒருவர் ஒரு நூல் முந்தினால் எப்படி மெல்ல மெல்ல விலகுமோ, அதே விலகல்தான் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

வெட்டு இப்படி ஒழுங்காக நகர்ந்தால் நல்ல செய்தி. கொம்பியூட்டர் களைத்துப்போகவில்லை, படத்தை மொனிட்டரோடு ஒத்து ஓடவைக்கும் விசிங்க் மட்டும்தான் இல்லை. வெட்டு கண்ட கண்ட இடத்தில் தாவித் தாவி வந்தால், படம் தயாராகும் நேரமே ஒழுங்கில்லை. விசிங்க் போட்டாலும் தடுக்கித் தடுக்கித்தான் ஓடும். அதற்கு முதலில் பாரத்தைக் குறைக்க வேண்டும்: படத்துக்கு மெருகு போடும் பாரமான ஷேடரை நிறுத்துங்கள், பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசரை மூடுங்கள்.

விசிங்க் என்பது, மொனிட்டர் ஒரு படத்தை முழுதாக வரைந்து முடிக்கும்வரை அடுத்த படத்தைக் கையில் வைத்துக் காத்திருப்பது. ரெட்ரோஆர்ச்சில் இது வீடியோ செட்டிங்குக்குள் சிங்க்ரனைசேஷன் பகுதியில் இருக்கிறது. போட்டே இருக்க வேண்டும். ஆனால் எமுலேட்டரில் போட்டால் மட்டும் போதாது. விசிங்குக்கு ஒரு வீட்டில் மூன்று எசமான்கள்: எமுலேட்டர், கிராஃபிக்ஸ் டிரைவர், டெஸ்க்டொப்.

டிரைவரின் கன்ட்ரோல் பனலைத் திறந்து, விசிங்க் "அப்ளிகேஷன் சொல்கிறபடி" என்று இருக்கிறதா பாருங்கள். மருமகனுடைய லப்டொப்பில் அது எல்லா அப்ளிகேஷனுக்கும் சேர்த்து அணைக்கப்பட்டிருந்தது. கூட்டாளி ஒருவன் சொன்னானாம், அப்படிச் செய்தால் சுடுகிற கேமில் எஃப்.பி.எஸ். (செக்கனுக்கு வரும் படங்கள்) கூடும் என்று. கூடும், பொய்யில்லை. ஆனால் பிறகு எமுலேட்டருக்குள் எத்தனை தடவை விசிங்கை அழுத்தினாலும் டிரைவர் காதில் போட்டுக்கொள்ளாது. அந்த ஒரு வரியை மாற்றியதும் குழாய் ஒட்டிக்கொண்டது. சுடுகிற கேமுக்கு மட்டும் வேண்டுமென்றால், அந்தக் கேமின் புரொஃபைலில் மட்டும் அணைத்து வையுங்கள்.

விண்டோஸில் இன்னொரு குறுக்குச் சோதனை. எமுலேட்டரைச் சின்ன ஜன்னலாக்கிப் பாருங்கள். ஜன்னலில் வெட்டு இல்லை, முழுத்திரையில்தான் வருகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். ஜன்னலில் இருக்கும்போது டெஸ்க்டொப் தானே படங்களைக் கோத்துக் கொடுக்கிறது. முழுத்திரையில் அந்தக் காவல் விலகிவிடுகிறது.

லினக்ஸ் கதை கொஞ்சம் வேறு. இங்கே லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர் பார்சலில் போட்டு அனுப்பிய பழைய லப்டொப்புகள் பல வீடுகளில் கிடக்கின்றன. விண்டோஸ் 10 அதில் மூச்சு வாங்கும் என்று லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போட்டிருப்பார்கள். அதில் டெஸ்க்டொப்பின் ஜன்னல்களைக் கோத்துக் காட்டும் கொம்பொசிட்டர் அணைந்திருந்தால் எமுலேட்டரும் வெட்டும், வீடியோவும் வெட்டும். வின்டோ மனேஜர் ட்வீக்ஸில் கொம்பொசிட்டரைப் போடுங்கள். முழுத்திரை ஜன்னலை நேராகக் காட்டும் தேர்வு ஒன்று அங்கேயே இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அதற்கும் அடங்காத இன்டெல் சில்லு என்றால், லினக்ஸின் திரையைக் கவனிக்கும் எக்ஸ்ஓஆர்ஜியின் கொன்ஃபிக்கில் டியர்ஃப்ரீ என்ற தேர்வைத் திறக்கலாம், ஏ.எம்.டி. டிரைவருக்கும் அதே பெயரில் ஒன்று உண்டு. எக்ஸ்ஓஆர்ஜிக்குப் பதிலாக வந்த வேலண்ட் செஷனுக்குள் போனால் இந்தத் தலையிடியே பெரும்பாலும் இல்லை.

லப்டொப் திரையையும் வெளி மொனிட்டரையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தால் ஒன்றை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஓடும்போது, டெஸ்க்டொப் ஒன்றுக்கு ஒத்து ஓடி மற்றதை வெட்ட விட்டுவிடுவது வழக்கம்.

போனில் விளையாடுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அண்ட்ரொய்ட் எல்லாப் படத்தையும் தானே கோத்துத்தான் காட்டுகிறது. வெட்டு வருவது அபூர்வம். அங்கே வருவது அடுத்த கோளாறு.

அறிகுறி: வெட்டு இல்லை, ஆனால் சீராக ஓடிக்கொண்டிருந்தது சில செக்கனுக்கு ஒரு தடவை துள்ளுகிறது

மேலே சொன்ன அதே வேக வித்தியாசம்தான், உடுப்பு மாற்றி வந்திருக்கிறது. விசிங்க் போட்டதால் வெட்ட முடியவில்லை. அதனால் மிஞ்சிய படத்தை விழுத்துகிறது, அல்லது ஒன்றை இரண்டு தடவை காட்டுகிறது. எத்தனை செக்கனுக்கு ஒரு தடவை என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். நெஸ் கேம் 60 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 60 தடவை வரையும்) மொனிட்டரில் 10 செக்கனுக்கு ஒன்று. 59.94 மொனிட்டரில் 6 செக்கனுக்குக் கொஞ்சம் மேல். கணக்கு ஒத்து வந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம்.

இதற்கு ரெட்ரோஆர்ச் ஒரு கெட்டிக்கார வேலை செய்கிறது. கேமின் வேகத்தை மொனிட்டரின் வேகத்துக்கு இழுத்து ஓட்டிவிட்டு, அதற்கு ஏற்ப ஒலியை மிகச் சிறிதளவு நீட்டிச் சுருக்குகிறது. 60.0988 ஐ 60 ஆக்கினால் வித்தியாசம் நூற்றுக்கு 0.16 தான், எந்தக் காதும் கண்டுபிடிக்காது. ஆனால் அது சரியாக நடக்க மொனிட்டரின் உண்மையான வேகம் அதற்குத் தெரிய வேண்டும். வீடியோவின் அவுட்புட் பகுதியில் திரையின் வேகத்தை அதுவே அளந்து காட்டும் வரி உண்டு. சில நிமிடம் அசையாமல் விட்டு, எண் ஓரிடத்தில் நின்ற பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். ஒலி சிங்க்கையும் அணைக்க வேண்டாம்.

துள்ளல் சில செக்கனுக்கு ஒன்றல்ல, எப்போதும் அரைத்தபடி இருக்கிறதா? மொனிட்டரின் வேகத்தைப் பாருங்கள். இப்போது விற்கும் மலிவான மொனிட்டர்களில் 75 ஹெர்ட்ஸ் நிறைய. 75 இல் 60 ஐ ஓட்டினால் ஒவ்வொரு நாலாவது படமும் இரண்டு தடவை காட்டப்படும். செக்கனுக்கு 15 இடறல். பெட்டியில் பெரிய எண் போட்டிருந்தாலும் பழைய கேமுக்கு 60 இல் வையுங்கள். 120 என்றால் சரியாக இரட்டிப்பு, அது பிரச்சினையில்லை. 144 க்கும் 60 க்கும் ஒத்துவராது. 120 க்கு இறக்குங்கள். 90 ஹெர்ட்ஸ் போன்களுக்கும் இதே வைத்தியம்: டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஐத் தெரிவு செய்தால் போதும்.

கடைகளில் காசு போட்டு விளையாடிய ஆர்கேட் கேம்கள் தனிச் சாதி. ஆர்-டைப் சுமார் 55 ஹெர்ட்ஸ், மோர்ட்டல் கொம்பாட் 54.7. இதை 60 க்கு இழுத்தால் கேம் வெளிப்படையாகவே வேகமாகிவிடும். அதனால் எமுலேட்டர் இழுக்காது, நீங்களும் இழுக்கக் கூடாது. ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க் உள்ள மொனிட்டர் கைவசம் இருந்தால், கேமின் அசல் வேகத்துக்கே சிங்க் செய்யும் தேர்வைப் போடுங்கள். மொனிட்டர் தன் வேகத்தைக் கேமுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். அதன் எல்லை 48 இலிருந்து 75 வரை என்றால் 54.7 உள்ளே அடங்கிவிடும். அந்த மொனிட்டர் இல்லாதவர்கள் கொஞ்சத் துள்ளலோடு சமாளிக்க வேண்டியதுதான். வேறு வழி இருப்பதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் கேமின் வேகத்தை மாற்றிவிட்டுச் சொல்கிறார்கள்.

இனி நம்மூருக்கே உரிய ஒன்று. கரண்ட் இருக்கும்வரை நன்றாக ஓடுகிறது, கரண்ட் போனதும் துள்ளுகிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பெடியன் இந்த முறைப்பாட்டோடு வந்தான். லப்டொப் பற்றரிக்கு மாறியதும், சில இன்டெல் லப்டொப்புகள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் திரையின் வேகத்தை 60 இலிருந்து 48 க்கோ 40 க்கோ இறக்கிவிடும். இன்டெல் கிராஃபிக்ஸ் பனலின் பவர் பகுதியில் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட் ஸ்விட்சிங் என்று இருப்பதை அணைத்தால் தீர்ந்தது. பற்றரி கொஞ்சம் முந்தி இறங்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: சின்ன வயதில் விளையாடியதைவிட வேகம், பாட்டும் அவசரமாக ஓடுகிறது

இது டிஸ்ப்ளே கோளாறா என்று கேட்கலாம். வேர் அங்கேதான்.

2002 இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து சாமான் வரத் தொடங்கியபோது எங்கள் ஒழுங்கைக்கு ஒரு ரிவி கேம் பெட்டி வந்தது. கேசட்டில் 9999 கேம் என்று போட்டிருந்தது. இருந்து எண்ணினால் ஏழெட்டுக்கு மேல் இல்லை, மற்றதெல்லாம் அதே கேம் வேறு நிறத்தில். அந்தப் பெட்டி நெஸ்ஸின் நகல். இலங்கையின் ரிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, செக்கனுக்கு 50. பெட்டியும் 50 இல் ஓடியது. அமெரிக்கப் பதிப்பு 60 இல் ஓடுவது. ஆக நாங்கள் பாய்ந்து விழுந்து பழகிய மரியோ, அசலைவிட நூற்றுக்கு 17 வீதம் மெதுவானவர். இன்று எமுலேட்டரில் அசல் வேகத்தில் ஓடும்போது கை பிந்துகிறது; வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த வேகமே வேண்டுமென்றால் மெசன் போன்ற நெஸ் எமுலேட்டர்களில், எந்த நாட்டுப் பெட்டி என்று சொல்லும் ரீஜன் தெரிவில் "டெண்டி" என்று ஒன்று இருக்கும். 1992 இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த ஒரு நகல் பெட்டியின் பெயர் அது. அதற்குள் இருந்த நேரக் கணக்குத்தான் பால் நாடுகளுக்குப் போன நகல்கள் பலவற்றிலும் இருந்தது. சும்மா "பால்" என்று போடுவது அதே அல்ல. அசல் பால் நெஸ்ஸில் புரொசசருக்கும் படச் சில்லுக்கும் இடையிலான வேக விகிதம் 3.2, அமெரிக்கப் பெட்டியிலும் டெண்டியிலும் அது 3.

இங்கேதான் ஸ்கிரீன்ஷொட்டிலும் பதியும் வெட்டு வருகிறது. சில கேம்கள் நேரத்தை எண்ணி எண்ணித் திரையைப் பிரிக்கும்: மேலே புள்ளி வரி அசையாமல் நிற்க, கீழே பின்னணி நகரும். அமெரிக்கப் பதிப்பை "பால்" செட்டிங்கில் ஓட்டினால் அந்த எண்ணிக்கை பிசகும். பிரியும் இடம் நடுங்கும் அல்லது கிழியும். பார்த்தால் டியரிங் போலவே இருக்கும். விசிங்கைப் போட்டு அணைத்துப் பலனில்லை. ரீஜனைச் சரியாக வையுங்கள்.

50 ஹெர்ட்ஸ் கேமை 60 ஹெர்ட்ஸ் மொனிட்டரில் ஓட்டினால் ஐந்தாவது படம் ஒவ்வொன்றும் இரட்டிக்கும். எச்டிஎம்ஐ உள்ள ரிவியில் போட்டால் பெரும்பாலானவை 50 ஐ ஏற்றுக்கொள்ளும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 50 ஐத் தெரிவு செய்து பாருங்கள். மொனிட்டர்களில் அது கிடைப்பது குறைவு.

அறிகுறி: உருவங்கள் மினுக்கி மினுக்கி மறைகின்றன

எதிரிகள் ஒரே வரிசையில் கூடும்போது மட்டும் மினுக்கினால் கோளாறில்லை. நெஸ் ஒரு கிடைவரியில் 8 ஸ்ப்ரைட்டுக்கு (நகரும் உருவத் துண்டுக்கு) மேல் காட்டாது. ஒன்பதாவது வந்தால் கேமே முறை வைத்து ஒவ்வொருவரையும் மாறி மாறி மறைக்கும். ஸ்ப்ரைட் எல்லையை எடுத்துவிடும் தேர்வு பல எமுலேட்டரில் உண்டு. போடலாம், ஆனால் அந்த எல்லையை வைத்தே ஒளித்து விளையாடும் கேம்களில் ஒளிந்திருக்க வேண்டியது வெளியே தெரிந்துவிடும்.

மறுபக்கம், மினுக்க வேண்டியது மினுக்காமல் இருந்தால்தான் நான் பயப்படுவேன். பழைய கேம்கள் நிழலை ஒரு படத்தில் காட்டி, அடுத்த படத்தில் மறைத்து, மங்கலாகத் தெரிய வைக்கும். உங்கள் திரையில் நிழல் அடியோடு இல்லை, அல்லது கரும் பூச்சாக நிரந்தரமாக நிற்கிறது என்றால், ஒவ்வொரு இரண்டாவது படமும் தொலைகிறது. படங்களைத் தாண்டிப் போகும் பிரேம்ஸ்கிப் போட்டிருக்கிறீர்கள், அல்லது மொனிட்டர் 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. 4கே ரிவியைப் பழைய எச்டிஎம்ஐயில் கொழுவியவர்களுக்கு இது நடக்கும். ரெசலூஷனை 1080 க்கு இறக்கினால் 60 திரும்பி வரும். டெஸ்ட் ஸ்வீட்டில் உள்ள நிழல் சோதனை இதைக் கண்டுபிடிக்கவே வைத்தது.

அறிகுறி: எழுத்தில் ஒரு கால் தடிப்பு, மற்றக் கால் மெலிவு, நகரும்போது பின்னணி நெளிகிறது

இதற்குக் காரணம் கூட்டல் கழித்தல். கேமின் உயரம் 224 வரி, மொனிட்டரின் உயரம் 1080. வகுத்தால் 4.82. ஒரு புள்ளியை 4.82 புள்ளியாக்க முடியாது. சிலதை 5, சிலதை 4 ஆக்குகிறது. நகரும்போது 5 உம் 4 உம் இடம் மாற, பின்னணி தண்ணீருக்குள் தெரிவதுபோல நெளிகிறது. ஸ்கேலிங் பகுதியில் இன்டெஜர் ஸ்கேலைப் போட்டால் சரியாக 4 மடங்கு, 896 வரி. சுற்றிவரக் கறுப்பு விழும். அது பிடிக்காதவர்கள் 5 மடங்குக்குப் போகலாம்: 1120 வரி. மேலும் கீழும் அசலின் 4 வரி மட்டும் வெட்டுப்படும். பழைய ரிவியில் அந்த வரிகள் விளிம்புக்குப் பின்னால்தான் கிடந்தன. நான் 5 இல்தான் விளையாடுகிறேன். பழைய லப்டொப்பின் 768 வரித் திரையில் 3 மடங்குக்கு 672. மிச்சம் 96 வரி கறுப்பு, அதை மறந்துவிடலாம்.

கறுப்பும் வேண்டாம், வெட்டும் வேண்டாம் என்றால் ஷார்ப்-பைலீனியர் என்ற ஷேடர் இருக்கிறது. பழைய சில்லிலும் ஓடும்.

எல்லா ஆட்களும் குண்டாகத் தெரிந்தால் 4:3 படத்தை 16:9 க்கு இழுத்திருக்கிறீர்கள். திரை நிறைய வேண்டும் என்று வீட்டில் கேட்பார்கள், விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: சத்தம் வருகிறது, படம் கறுப்பு

பழைய லப்டொப்பில் பத்துக்கு எட்டுத் தடவை வீடியோ டிரைவர். எமுலேட்டரில் வல்கன் என்ற புதிய வரையும் முறை தெரிவு செய்யப்பட்டிருக்கும். 2012, 2013 காலத்து இன்டெல் சில்லுக்கு விண்டோஸில் வல்கன் கிடையாது, 6 ஆம் தலைமுறையிலிருந்துதான். ஜிஎல் என்ற பழைய முறைக்கு மாற்றுங்கள். மெனுவே தெரியவில்லையென்றால் கொன்ஃபிக் கோப்பை நோட்பேடில் திறந்து வீடியோ டிரைவர் வரியை மாற்றலாம். நின்டெண்டோ 64 போன்ற முப்பரிமாணப் பெட்டிகளின் கோர்கள் (ரெட்ரோஆர்ச்சுக்குள் அந்தந்தப் பெட்டியை ஓட்டும் பகுதிகள்) சிலவற்றுக்குக் குறிப்பிட்ட டிரைவர்தான் வேண்டும். ஒரு கேம் மட்டும் கறுப்பென்றால் அங்கே தேடுங்கள். பிளேஸ்டேஷன் மட்டும் கறுப்பென்றால், படத்தைக் குறை சொல்லாமல், பெட்டியைத் தொடக்கி வைக்கும் பயோஸ் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: நிறம் வெளிறி, ஓரம் தொலைந்து, இடையிடையே பொறி பறக்கிறது

மூன்றும் மூன்று காரணம். எமுலேட்டரில் ஒன்றுமில்லை.

ரிவியில் கொழுவியதும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் எச்டிஎம்ஐயின் நிற எல்லை பொருந்தவில்லை. ஒரு பக்கம் 0 இலிருந்து 255 வரை என்று நினைக்க, மறுபக்கம் 16 இலிருந்து 235 வரை என்று நினைக்கிறது. கிராஃபிக்ஸ் பனலில் ஃபுல், லிமிட்டெட் என்ற இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ஓரம் தொலைந்தால் ரிவியின் பட அளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கான், ஸ்கிரீன் ஃபிட் என்று ஏதாவது இருக்கும், அதைப் போடுங்கள். வெள்ளைப் பொறிகள் பறந்தால் கேபிள். நான் ஒரு முறை விஜிஏ அடப்டர் ஒன்றை மலிவாக வாங்கி, இரண்டு இரவு டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் வேறு கேபிளில் கொழுவ, ஒரு நிமிடத்தில் தெளிந்தது. கேபிளை முதலில் மாற்றுங்கள். அதற்குச் செலவில்லை, பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும்.

அப்படித்தான் இருக்க வேண்டியவை

சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 இல் வலது ஓரத்தில் நிறம் சிதறும். அசலிலும் அப்படித்தான், பழைய ரிவியின் விளிம்பு மறைத்துக்கொண்டிருந்தது. அந்த விளிம்பை (ஓவர்ஸ்கானை) வெட்டும் தேர்வைப் போட்டால் மறைந்துவிடும். மெகா டிரைவில் சோனிக்கின் முதல் நீர்வீழ்ச்சி நெடுங்கோடு நெடுங்கோடாகத் தெரியும். மஞ்சள் வயரில் வந்த சிக்னல் அந்தக் கோடுகளைக் குழைத்துக் கண்ணாடித் தண்ணீராக்கியது. அந்தக் குழைவு வேண்டுமென்றால், பழைய ரிவி சிக்னலைப்போலக் காட்டும் என்டிஎஸ்சி ஃபில்டர் போடுங்கள். முதல் பிளேஸ்டேஷனில் சுவர்கள் நடுங்குவது அந்தப் பெட்டியின் கணக்கு முழு எண்ணில் நடந்ததால்; எமுலேட்டரில் பிஜிஎக்ஸ்பி என்ற தேர்வு நடுக்கத்தை நிறுத்தும். நிறுத்திய பிறகு ஏதோ குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றும், அது என் பழக்கம்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் பொத்தானை அழுத்திய பிறகு பிந்திப் பாய்கிறது

மருமகனுடைய குழாய் ஒட்டிய மறுநாள் அடுத்த வைபர்: "மாமா, இப்ப பாயேக்கை பிந்துது." எதிர்பார்த்ததுதான். விசிங்க் காத்திருக்கும் சாமான். காத்திருப்பு கையில் தெரியும். ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன், இரண்டு மூன்று சேர்ந்தால் பழகிய கைக்கு உறைக்கும்.

முதலில், ரிவியில் விளையாடினால் கேம் மோட் போடுங்கள். எமுலேட்டருக்குள் தேடி எடுப்பதைவிடப் பெரும்பாலும் இதில் மிச்சமாவது கூட. பிறகு விசிங்கின் மூன்று எசமானில் ஒருவரை மட்டும் விடுங்கள். டெஸ்க்டொப்பும் டிரைவரும் எமுலேட்டரும் ஆளுக்கொரு படத்தைப் பிடித்து வைத்திருந்தால் பிந்தத்தான் செய்யும். ஜிஎல் டிரைவர் என்றால் ஹார்ட் ஜிபியு சிங்க் போடலாம், வல்கன் என்றால் திரைக்குப் போக வரிசையில் நிற்கும் ஸ்வொப்செயின் படங்களை 2 க்கு இறக்கலாம். திரெடட் வீடியோ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். மிகப் பெலவீனமான போனுக்கு மட்டும் அது.

அதற்குப் பிறகும் போதாவிட்டால் ரன்-அஹெட். 2018 இல் ரெட்ரோஆர்ச்சுக்கு வந்தது. கேமுக்குள்ளேயே இருக்கும் தாமதத்தை, முன்கூட்டி ஓட்டிப் பார்த்துத் தவிர்க்கும் வித்தை. எத்தனை படம் வைப்பது என்று ஊகிக்க வேண்டாம், எண்ணலாம். பி (P) விசையை அழுத்திக் கேமை நிறுத்துங்கள். பாயும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, கே (K) விசையால் ஒவ்வொரு படமாக முன்னே தள்ளுங்கள். எத்தனையாவது தட்டலில் ஆள் அசைகிறானோ அதில் ஒன்றைக் கழித்தால் வருவதுதான் எண். கூட வைத்தால் ஆள் இடையில் ஒரு படத்தை விழுங்கிவிட்டுத் தாவுவான்.

அவனுக்கு மூன்றாவது தட்டலில் அசைந்தது. 2 வைத்தோம். பழைய சில்லு, முன்கூட்டி ஓட்டும் வேலையும் சேர்ந்ததும் விசிறி இரைந்தது. 1 க்கு இறக்கியதும் அடங்கியது. கே.கே.எஸ். வீதியால் போகும் லொறிச் சத்தத்துக்கு மேலால் அந்த விசிறிச் சத்தம் கேட்டதென்று தங்கச்சி சொன்னாள், அதனால் 1.